இதயக் குழாயில் அடைப்பு: கம்பி விட்டு அளப்பதா, படத்தை வைத்துக் கணக்கிடுவதா?

"சிடி ஆஞ்சியோ எடுத்தோம், ஒரு குழாயில் 60 சதவீதம் அடைப்பு என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஒரு டாக்டர் நேராக ஆஞ்சியோகிராம் செய்துவிடலாம் என்கிறார், இன்னொருவர் முதலில் ஒரு ஸ்ட்ரெஸ் ஸ்கேன் பார்ப்போம் என்கிறார், என் மகனோ படத்தை வைத்தே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்லும் முறை வந்துவிட்டதாமே என்கிறான். எதைச் செய்வது?"

இந்தக் கேள்வி ஆள் மாறி ஆள் மாறி என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. நான் கேத் லேபில், அதாவது இரத்தக் குழாய் வழியே உள்ளே போய் இதயத்தைச் சோதிக்கும் அறையில், டெக்னீஷியன், டாக்டர் இல்லை. உங்களுக்கு இதுதான் சரி என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் இந்தச் சோதனைகள் ஒவ்வொன்றும் எதை அளக்கின்றன, எங்கே ஏமாற்றும், எதில் வெளியே தெரியாத செலவு ஒளிந்திருக்கிறது என்பதைத் தினமும் பார்ப்பவன், அதைச் சொல்ல முடியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சை அழுத்துகிறது, வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அவசர சிகிச்சைக்குக் கிளம்புங்கள். இங்கே பேசப்போவது மாரடைப்பு இல்லாத, யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்கிற ஆட்களுக்கு மட்டும்.

## 60 சதவீதம் என்பது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

குழாயின் உள்விட்டம் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அந்தக் குறுகல் இதயத் தசைக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறதா என்பது வேறு கேள்வி. குறுகல் எவ்வளவு நீளம், அந்தக் குழாய் எவ்வளவு பெரிய தசைப் பகுதிக்கு இரத்தம் கொடுக்கிறது, பக்கத்துக் குழாய்கள் கை கொடுக்கின்றனவா என்று எத்தனையோ விஷயங்கள் இதில் சேர்கின்றன.

இதை மிகத் தெளிவாகக் காட்டியது 2009-ல் வெளியான ஃபேம் என்ற ஆய்வு. அதில் கண்ணால் பார்த்து 50 முதல் 70 சதவீதம் என்று மதிப்பிட்ட அடைப்புகளை, ஆஞ்சியோகிராமின்போது அழுத்த உணரி உள்ள மெல்லிய கம்பி விட்டு அளந்தபோது, உண்மையில் இரத்த ஓட்டத்தைக் கெடுத்தவை சுமார் 35 சதவீதம்தான். மூன்றில் இரண்டு பங்கு அடைப்புகள் பார்க்கப் பயமாக இருந்தனவே தவிர, ஓட்டத்தைத் தடுக்கவில்லை. 71 முதல் 90 சதவீதம் என்று தெரிந்தவற்றிலும் ஐந்தில் ஒன்று அப்படித்தான். 90-ஐத் தாண்டினால் சந்தேகத்துக்கு இடமில்லை, கிட்டத்தட்ட எல்லாமே ஓட்டத்தைக் கெடுப்பவை.

அதனால் 60 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்து ராத்திரி தூங்காமல் கிடப்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் கேள்வி இன்னும் பாதியில்தான் நிற்கிறது. மீதிப் பாதிக்குப் பதில் தேடும் வழிகளைத்தான் இங்கே ஒப்பிடப் போகிறோம்.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து கேள்விகள் கேட்பேன். இந்தச் சோதனை குழாயின் உருவத்தைக் காட்டுகிறதா, ஓட்டத்தைக் காட்டுகிறதா? உடம்புக்கு என்ன கஷ்டம், அதாவது ஊசி, கம்பி, டை (படத்தில் குழாய் தெரிவதற்காக ஏற்றும் திரவம்), கதிர்வீச்சு? எந்த மாதிரி ஆளிடம் இது தவறிப்போகும்? முடிவு தெளிவாக வராவிட்டால் அடுத்து இன்னொரு சோதனைக்கு ஓட வேண்டியிருக்குமா? கடைசியாக, இதன் முடிவு சிகிச்சையை மாற்றுமா?

கடைசிக் கேள்வியை ரொம்பப் பேர் கேட்பதே இல்லை, அதுதான் என் வருத்தம். 2020-ல் வெளியான இஸ்கீமியா ஆய்வில் 5,179 பேரை எடுத்துக்கொண்டார்கள், எல்லோருக்கும் ஸ்ட்ரெஸ் சோதனையில் (இதயத்துக்கு வேலை கொடுத்துப் பார்ப்பது) ஓரளவு முதல் கடுமையான அளவு வரை இரத்தக் குறைவு தெரிந்தது. ஒரு பாதிப் பேருக்கு உடனே ஆஞ்சியோ, தேவைப்பட்டால் ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மறுபாதிக்கு முதலில் மருந்து மட்டும், அது போதாவிட்டால் மற்றவை. சில வருடங்கள் தொடர்ந்து பார்த்ததில் மாரடைப்பிலும் மரணத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. நெஞ்சு வலி அதிகம் இருந்தவர்களுக்கு மட்டும் வலி குறைவதில் உடனே ஆஞ்சியோ என்ற வழி நன்றாக உதவியது. இடது பிரதான குழாயில் பெரிய அடைப்பு இருப்பவர்கள், இதயத்தின் பம்ப் மிகவும் பலவீனமாகிவிட்டவர்கள், மருந்துக்கு அடங்காத வலி உள்ளவர்கள் அந்த ஆய்வில் இல்லை, அதையும் மறந்துவிடக் கூடாது. வலியே இல்லாத ஒருவருக்கு மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிடுவதுதான் எப்படியும் அடுத்த படி என்றால், ஓட்டத்தைத் துல்லியமாக அளந்து என்ன செய்யப் போகிறோம் என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம்.

## சிடி ஆஞ்சியோ: முதல் படி, அதுவும் நல்ல படி

கையில் ஒரு ஊசி, அதன் வழியே டை, இதயத் துடிப்போடு ஒத்துப்போகும்படி படம். இதயத்துக்குள் எதுவும் நுழைவதில்லை, அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். டை உள்ளே போகும்போது உடம்பெல்லாம் சூடாகப் பரவும், அது நிமிடத்தில் போய்விடும்.

இதன் பெரிய பலம் 'இல்லை' என்று சொல்வது. நல்ல தரத்தில் எடுத்த சிடி சுத்தமாக இருந்தால், பெரிய அடைப்பு இல்லை என்று நம்பலாம். அப்புறம் இன்னொரு பலம், குழாய் குறுகாவிட்டாலும் சுவரில் படிந்திருக்கும் கொழுப்புப் படிவைக் காட்டிவிடும். ஸ்காட்-ஹார்ட் ஆய்வில் 4,146 பேரை ஐந்து வருடம் தொடர்ந்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு சிடியும் எடுத்தவர்களில் இதய நோயால் மரணமோ மாரடைப்போ வந்தது 2.3 சதவீதம், சிடி இல்லாதவர்களில் 3.9 சதவீதம். படத்தில் படிவைப் பார்த்து மருந்தைச் சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் கொடுத்ததுதான் இந்த வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காரணமாகச் சொல்லப்படுகிறது. 2022-ல் வந்த டிஸ்சார்ஜ் ஆய்வு சிடியையும் நேரடி ஆஞ்சியோவையும் 3,561 பேரிடம் ஒப்பிட்டது; பெரிய சிக்கல்கள் சிடி வழியில் 0.5 சதவீதம், நேரடி வழியில் 1.9 சதவீதம்.

சரி, குறை என்ன? கால்சியம். குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு மாதிரி இறுகிப்போன படிவு சிடியில் வெள்ளையாகப் பளீரென்று தெரியும், உண்மையான அளவைவிடப் பெரிதாகவும் தெரியும். அதனால் 40 சதவீத அடைப்பு 70 போலக் காட்டும். வயதானவர்கள், நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகள், டயாலிசிஸில் இருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் இது அடிக்கடி நடக்கும். சின்ன ஸ்டென்ட் உள்ளே இருந்தாலும் அதே கதைதான்.

அப்புறம் இதயத் துடிப்பு. நிமிடத்துக்கு 60, 65-க்குள் இருந்தால் படம் கத்தியால் வெட்டியது போல வரும். பயத்தில் 90 அடித்துக்கொண்டிருந்தால் குழாய் இரட்டையாகத் தெரியும். அதற்காகத்தான் முன்னாடியே துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து கொடுப்பார்கள், குழாய் விரியட்டும் என்று நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் வைப்பார்கள். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை சாப்பிட்டிருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். அதுவும் நைட்ரோகிளிசரினும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

## சிடி படத்திலிருந்தே எஃப்எஃப்ஆர்: புது ஊசி இல்லாமல் ஓட்டக் கணக்கு

மகன் தேடிக் கண்டுபிடித்தது இதைத்தான். எஃப்எஃப்ஆர் என்பது, அடைப்பைத் தாண்டிய பிறகு இரத்த அழுத்தத்தில் எவ்வளவு பங்கு மிஞ்சுகிறது என்று சொல்லும் எண். எடுத்து வைத்த அதே சிடி படத்தை வைத்து, குழாய்களின் முப்பரிமாண வடிவத்தைக் கம்ப்யூட்டரில் கட்டி, அதற்குள் இரத்தம் எப்படி ஓடும் என்பதைத் திரவ இயக்கவியல் சமன்பாடுகளால் கணக்கிடுகிறார்கள். நோயாளி மறுபடி வர வேண்டாம், மேலும் டை வேண்டாம், மேலும் கதிர்வீச்சு வேண்டாம். இந்த வகையில் முதலில் அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி பெற்றது ஹார்ட்ஃப்ளோ, 2014-ல்.

எண் எப்படி வரும் என்றால், 1 என்றால் எந்தத் தடையும் இல்லை, 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு ஓட்டத்தைக் குறைக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த எல்லையிலிருந்து எண் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நன்றாகக் கம்பி வைத்து அளந்ததோடு ஒத்துப்போகிறது. எல்லையை ஒட்டி, 0.76 முதல் 0.80 வரை, சீட்டுப் போட்டுப் பார்ப்பது போலத்தான். அந்த இடத்தில் எண்ணை மட்டும் நம்பி ஸ்டென்ட் வைக்கப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு ஏமாற்றம் எந்த இடத்து எண்ணைப் படிக்கிறோம் என்பதில் இருக்கிறது. ரிப்போர்ட்டில் குழாய் முழுக்க வண்ணம் தீட்டியிருக்கும், நீலத்தில் தொடங்கி நுனியில் சிவப்பில் முடியும். நுனியில் 0.74 என்று இருப்பதைப் பார்த்துப் பதறிவிடுகிறார்கள். ஆனால் அடைப்பைத் தாண்டி ஓரிரண்டு சென்டிமீட்டரில் என்ன எண் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அங்கே 0.86 ஆக இருந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நுனி வரை இறங்கினால், அது குழாய் முழுக்கப் பரவிய படிவின் விளைவு, ஒரு ஸ்டென்ட்டால் தீரக்கூடியது இல்லை.

ஒளிந்திருக்கும் செலவு? படம் சுமாராக இருந்தால் கணக்கிட முடியாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் ஆனவர்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களுக்கு இது பொதுவாகப் பொருந்தாது. பிரிட்டனில் 1,400 பேரிடம் செய்த ஃபோர்காஸ்ட் ஆய்வில் நேரடி ஆஞ்சியோக்கள் குறைந்தன, ஆனால் மொத்தச் செலவு குறையவில்லை. பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தேவையில்லாமல் கேத் லேப் மேசையில் படுக்காமல் தப்பிக்கலாம் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கலாம்.

## ஸ்ட்ரெஸ் ஸ்கேன்கள்: குழாயை விட்டுத் தசையைக் கேட்பது

இவை குழாயைப் பார்ப்பதில்லை. இதயத்தை ஓட வைத்து, அல்லது மருந்தால் ஓடுவது போலச் செய்து, தசைக்கு இரத்தம் போதுகிறதா என்று பார்க்கின்றன. ஸ்ட்ரெஸ் எக்கோவில் கதிர்வீச்சே இல்லை, டையும் இல்லை, ஆனால் பார்ப்பவரின் கைத்திறனை ரொம்பவே நம்பியிருக்கிறது. நியூக்ளியர் ஸ்கேன் பரவலாகக் கிடைக்கிறது. அதன் பெரிய பலவீனம், மூன்று குழாய்களிலும் ஒரே அளவு அடைப்பு இருந்தால் தசை முழுக்க ஒரே மாதிரி மங்கி, எல்லாம் சரி போலத் தெரிந்துவிடும், ஏனென்றால் அது ஒரு பகுதியை இன்னொன்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறது. பெட் ஸ்கேன் ஓட்டத்தை எண்ணாகவே அளக்கும் என்பதால் அந்தக் குறை குறைவு, ஆனால் கிடைக்கும் இடங்கள் குறைவு. எம்ஆர்ஐ கதிர்வீச்சு இல்லாமல் மிகத் தெளிவாகக் காட்டும். குறுகிய குகைக்குள் படுக்கப் பயப்படுபவர்களுக்குத்தான் கஷ்டம்.

ஏற்கெனவே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் ஆனவர்கள், குழாய் நிறையக் கால்சியம் உள்ளவர்கள், சிறுநீரகம் டையைத் தாங்காதவர்கள், இவர்களுக்கு இதுதான் நல்ல பாதை என்பது என் எண்ணம். அடினோசின் (இதயக் குழாய்களை விரித்து ஓட்டத்தைக் கூட்டும் மருந்து) போட்டுச் செய்யும் சோதனை என்றால் முந்தைய நாளிலிருந்தே காபி, டீ கூடாது. அதை மறந்துவிட்டு வந்து திரும்பிப் போனவர்கள் ஏராளம். ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

## நேரடி ஆஞ்சியோவும் பிரஷர் வயரும்: மற்ற எல்லாவற்றுக்கும் அளவுகோல்

மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, அதற்குள் 0.014 அங்குலம் தடிமனுள்ள கம்பி, நுனிப் பக்கம் ஒரு அழுத்த உணரி. அடைப்புக்கு முன்னால் உள்ள சராசரி அழுத்தம் 100, பின்னால் 75 என்றால் எஃப்எஃப்ஆர் 0.75. இவ்வளவுதான் கணக்கு. நிக்கோ பைல்ஸும் பெர்னார்ட் டி ப்ரூய்னும் 1990-களில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

திரையில் அது எப்படி இருக்கும் தெரியுமா? சிவப்புக் கோடு, பச்சைக் கோடு, இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஒரே அலையாக ஓடும்படி முதலில் சமன் செய்வோம். கம்பி அடைப்பைத் தாண்டியதும் அடினோசின் போகும், நோயாளி நெஞ்சு கனக்கிறது, மூச்சு முட்டுகிறது என்பார், ஒரு நிமிடம்தான் என்று கையைப் பிடித்துக்கொள்வேன், பச்சைக் கோடு மெல்லச் சிவப்பிலிருந்து பிரிந்து கீழே இறங்கும். எவ்வளவு இறங்கும் என்று அறையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். 0.87-ல் நின்றுவிட்டால் ஸ்டென்ட் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். பார்வைக்கு அவ்வளவு மோசமான அடைப்பு, கம்பி மட்டும் வேண்டாம் என்கிறது. அந்த நிமிடத்துக்காகவே எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

முடிந்ததும் கம்பியைப் பின்னால் இழுத்து இரண்டு கோடுகளும் மறுபடி ஒன்று சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சேராவிட்டால் உணரி நகர்ந்துவிட்டது என்று அர்த்தம், மறுபடி அளக்க வேண்டும். அடினோசின் வேண்டாம் என்பவர்களுக்கு ஓய்விலேயே அளக்கும் ஐஎஃப்ஆர் இருக்கிறது, அதன் எல்லை 0.89, 2017-ல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் அது எஃப்எஃப்ஆருக்குக் குறைந்ததாக இல்லை.

குறைகள்: இது உடம்புக்குள் நுழையும் வேலை. கம்பி குழாய்ச் சுவரைக் கிழிப்பது மிக அரிது, ஆனால் நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. கம்பிக்குத் தனிச் செலவு, அதனாலேயே பல இடங்களில் கண்ணால் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். பலன் என்று பார்த்தால், ஃபேம் ஆய்வில் 1,005 பேரில் ஒரு வருடத்தில் மரணம், மாரடைப்பு, மறுபடி சிகிச்சை எல்லாம் சேர்த்துக் கண்ணால் பார்த்து ஸ்டென்ட் வைத்தவர்களில் 18.3 சதவீதம், அளந்து வைத்தவர்களில் 13.2 சதவீதம். அதுவும் குறைவான ஸ்டென்ட்டுகளோடு.

## ஆஞ்சியோ படத்திலிருந்து கியூஎஃப்ஆர்: மேசைக்குப் போன பிறகு, கம்பி மட்டும் இல்லாமல்

பெயர் குழப்புகிறது. கம்பி இல்லை என்றதும் இதுவும் சிடி மாதிரி வெளியிலிருந்தே செய்வது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. ஆஞ்சியோகிராம் ஆகத்தான் வேண்டும், மணிக்கட்டில் குத்தத்தான் வேண்டும். பிரஷர் வயரும் அடினோசினும் மட்டும்தான் தேவைப்படாது. குறைந்தது 25 டிகிரி விலகிய இரண்டு கோணங்களில் எடுத்த படங்களிலிருந்து குழாயின் வடிவத்தைக் கட்டி, டை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பிரேம்களை எண்ணி, கணக்கு வரும். ஐந்து பத்து நிமிடம்.

நான் இதை உட்கார்ந்து செய்திருக்கிறேன். குழாயின் ஓரத்தை மென்பொருள் தானாகக் கோடு போட்டுப் பிடிக்கும், நன்றாகத்தான் பிடிக்கும். ஆனால் சரியாக அடைப்புள்ள இடத்தில் ஒரு கிளைக் குழாய் குறுக்கே விழுந்திருந்தால் கோடு கிளைக்குத் தாவிவிடும். அதை இழுத்துச் சரிசெய்யும் கை என் கைதானே, ஒரு மயிரிழை உள்ளே வெளியே போனால் 0.82 என்பது 0.79 ஆகிவிடுகிறது. இரண்டு டெக்னீஷியன்கள் செய்தால் இரண்டு எண் வரலாம். கம்பியில் இந்தப் பிரச்சினை இல்லை.

ஆய்வுகளும் இதையேதான் வேறு விதமாகச் சொல்கின்றன. 2021-ல் ஃபேவர் 3 சீனா ஆய்வு, சுமார் 3,800 பேர். கியூஎஃப்ஆர் பார்த்துச் செய்தவர்களில் ஒரு வருடப் பாதிப்பு 5.8 சதவீதம், கண்ணால் பார்த்துச் செய்தவர்களில் 8.8. பெரிய வெற்றி. ஆனால் 2024-ல் ஃபேவர் 3 ஐரோப்பா ஆய்வு 2,000 பேரிடம் அதைக் கம்பியோடு நேருக்கு நேர் நிறுத்தியது. கியூஎஃப்ஆர் பக்கம் 6.7 சதவீதம், எஃப்எஃப்ஆர் பக்கம் 4.2. கம்பிக்கு ஈடு என்று நிரூபிக்க முடியவில்லை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இதுதான்: கம்பி இருக்கிற இடத்தில் அதை ஒதுக்கிவிட்டு கியூஎஃப்ஆரைப் பிடித்துக்கொள்ளக் காரணம் இல்லை. கம்பி இல்லாத இடத்தில், அல்லது அடினோசின் ஒத்துக்கொள்ளாத ஆளிடம், வெறும் கண்ணை நம்புவதைவிட கியூஎஃப்ஆர் எவ்வளவோ மேல்.

## ஒரே பார்வையில்

| | என்ன அளக்கிறது | உடம்புக்குக் கஷ்டம் | தவறும் இடம் | யாருக்கு நல்லது |
|---|---|---|---|---|
| சிடி ஆஞ்சியோ | உருவம் | ஊசி, டை, கதிர்வீச்சு | கால்சியம், வேகமான துடிப்பு | இதுவரை எதுவும் எடுக்காதவர் |
| சிடி எஃப்எஃப்ஆர் | ஓட்டம், கணக்கில் | கூடுதலாக எதுவும் இல்லை | 0.76–0.80, சுமாரான படம் | சிடியில் நடுத்தர அடைப்பு வந்தவர் |
| ஸ்ட்ரெஸ் ஸ்கேன் | தசைக்குப் போகும் இரத்தம் | வகையைப் பொறுத்தது | மூன்று குழாயிலும் சம அடைப்பு (நியூக்ளியரில்) | ஸ்டென்ட், பைபாஸ் ஆனவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் |
| பிரஷர் வயர் | ஓட்டம், நேரில் | குத்துதல், கம்பி, டை, கதிர்வீச்சு | உணரி நகர்வது | மேசையில் இருக்கும்போது சந்தேகம் வந்தவர் |
| கியூஎஃப்ஆர் | ஓட்டம், கணக்கில் | கம்பி தவிர மேலே உள்ள எல்லாம் | குறுக்கே விழும் கிளைகள் | கம்பி கிடைக்காத இடத்தில் |

## நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்

நடக்கும்போது எப்போதாவது நெஞ்சு இறுக்கம், இதுவரை எந்தச் சோதனையும் இல்லை என்றால் சிடியில் தொடங்குவது எனக்கு நியாயமாகப் படுகிறது, கால்சியம் நிறைய இருக்கும் என்று எதிர்பார்க்கிற வயதும் நோயும் இல்லாதவரை. சிடியில் 40 முதல் 70 வரை வந்து, படமும் தெளிவாக இருந்தால், சிடி எஃப்எஃப்ஆர் கிடைத்தால் அது; கிடைக்காவிட்டால் ஸ்ட்ரெஸ் ஸ்கேன். 90-க்கு மேல், அல்லது இடது பிரதான குழாயில் அடைப்பு என்று வந்துவிட்டால் இடையில் இன்னும் இரண்டு ஸ்கேன் எடுத்து நாளைக் கடத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை, நேராக ஆஞ்சியோ பற்றிப் பேசுங்கள்.

எல்லாச் சோதனையும் பெரிய குழாய்களில் பிரச்சினை இல்லை என்கிறது, வலி மட்டும் போகவில்லை என்றால் அதை மனப்பிரமை என்று யாரும் தள்ளிவிட விடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களில் கோளாறு இருந்தாலும் இதே வலி வரும், பெண்களிடம் இது அதிகம். இங்கே சொன்ன படங்களில் பெரும்பாலானவற்றில் அது தெரியாது. பெட் ஸ்கேனிலும், கம்பி வைத்துச் செய்யும் தனி அளவீட்டிலும் பிடிபடும்.

ஆஞ்சியோகிராமுக்கு ஒத்துக்கொள்ளும் முன்பு, "நடுத்தர அடைப்பாக இருந்தால் அளந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மேசையில் பாதி மயக்கத்தில் படுத்திருக்கும்போது, இரண்டு ஸ்டென்ட் வைக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்று வெளியே நிற்கும் குடும்பத்திடம் கேட்கும் நேரத்தில் யாராலும் தெளிவாக யோசிக்க முடியாது. நான் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அந்த முகங்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்தச் சோதனை செய்தாலும் ரிப்போர்ட் காகிதத்தோடு வந்துவிடாதீர்கள், ஓடும் படங்கள் முழுவதும் உள்ள குறுந்தகட்டை அல்லது பைலைக் கேட்டு வாங்குங்கள். அச்சடித்துத் தரும் நான்கு நிழற்படங்களை வைத்து எதையும் கணக்கிட முடியாது. முழுப் படமும் கையில் இருந்தால், வேறொரு டாக்டர் பார்ப்பதற்கோ, கோணங்கள் சரியாக அமைந்திருந்தால் பிறகு எஃப்எஃப்ஆர் கணக்கிடுவதற்கோ, மறுபடி டையும் கதிர்வீச்சும் இல்லாமல் அதுவே போதும்.